டச்மேன் வளைவின் ஆவணங்கள்

1918 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 7.20 மணியளவில், அமெரிக்காவின் டென்னஸி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லுக்கு மேற்கே இரண்டு பயணிகள் ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அந்த இடத்துக்கு டச்மேன் வளைவு என்று பெயர். நாஷ்வில்லிலிருந்து மெம்ஃபிஸுக்குக் கிளம்பியது நான்காம் எண் வண்டி. எதிரே மெம்ஃபிஸிலிருந்து வந்தது முதலாம் எண் வண்டி. அது அன்று ஏறத்தாழ அரைமணி தாமதம். இரண்டும் மணிக்கு 50 முதல் 60 மைல் வேகத்தில் வந்தன என்பது கணிப்பு. குறைந்தது 101 பேர் இறந்தார்கள், 171 பேர் காயமடைந்தார்கள்.

இரண்டு வண்டிகளையும் ஓட்டியது ஒரே கம்பெனி: நாஷ்வில், சட்டனூகா அண்டு செயின்ட் லூயிஸ் ரயில்வே. பெயரில் செயின்ட் லூயிஸ் இருந்தாலும் அதன் சொந்தத் தண்டவாளம் அந்த ஊரை எட்டவே இல்லை. 1845இல் நாஷ்வில் அண்டு சட்டனூகா என்ற பெயரில் உரிமம் பெற்று, 1873இல் ஆசை பெருகிப் பெயரை நீட்டிக்கொண்ட வட்டார ரயில்வே அது. 1880இல் அதன் பெரும்பான்மைப் பங்குகளைப் போட்டிக் கம்பெனியான லூயிவில் அண்டு நாஷ்வில் வாங்கிப் போட்டது; 1957இல் முழுதாக விழுங்கியது. விழுங்கியதையும் பின்னாளில் இன்னொன்று விழுங்கி, இன்று அந்தப் பாதைகள் சிஎஸ்எக்ஸ் கம்பெனியின் வரைபடத்தில் இருக்கின்றன. கைமாறும் ஒவ்வொரு முறையும் அலுவலகங்கள் மூடப்படும், பழைய காகிதக் கட்டுகள் குப்பைக்குப் போகும். இப்படிப்பட்ட ஒரு ரயில்வேயின் பழைய விபத்தை ஆராய வருபவர் கம்பெனியின் ஆவணங்களை நம்பித் தொடங்க முடியாது. அரசாங்கம் எழுதிவைத்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்படி எழுதிவைக்கும் வழக்கமே அப்போது புதிது. ரயில்வேக்களைக் கண்காணிக்கும் மாநிலங்களுக்கிடை வணிக ஆணையம் 1887இல் தோன்றியது. விபத்துகளைக் கம்பெனிகளே மாதந்தோறும் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1901இல் வந்தது. ஆணையமே நேரில் போய் விசாரித்து அறிக்கை வெளியிடும் அதிகாரம் 1910ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதற்கு முந்திய விபத்துகளுக்குப் பெரும்பாலும் பிரேத விசாரணைக் குறிப்பும் செய்தித்தாளும் பாட்டும்தான் மிச்சம். 1903இல் வர்ஜீனியாவின் டான்வில்லில், சதர்ன் ரயில்வேயின் 97ஆம் எண் அஞ்சல் வண்டி மரப்பாலத்திலிருந்து கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அந்தக் கதை நாடு முழுக்கத் தெரிந்ததற்குக் காரணம் 1924இல் வெர்னன் டால்ஹார்ட் பாடிய இசைத்தட்டு. அந்தப் பாட்டை எழுதியது யார் என்று பிறகு நடந்த வழக்கு பெரிய நீதிமன்றங்கள் வரை போனது. விபத்தைவிடப் பாட்டின் உரிமையாளரைப் பற்றித்தான் கூடுதலாகச் சாட்சியம் பதிவாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

டச்மேன் வளைவு 1910க்குப் பிற்பட்டது. ஆகவே ஆணையத்தின் அறிக்கை இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் நூலகம் இத்தகைய பழைய அறிக்கைகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. நிதானமாக எழுதப்பட்டவை, அழுகையோ ஆவேசமோ கிடையாது. முதலில் பாதையின் அமைப்பு, பிறகு வண்டிகளின் அமைப்பு, பிறகு ஊழியர்களின் வாக்குமூலம், கடைசியில் முடிவு என்று போகும். இந்த நிதானத்துக்குப் பின்னால் 1910 சட்டத்தின் ஒரு பிரிவும் இருக்கிறது. ஆணையத்தின் விபத்து அறிக்கையை நஷ்டஈட்டு வழக்குகளில் சாட்சியமாகக் கொண்டுவரக் கூடாது என்றது அது. இதில் நன்மை உண்டு. வழக்கறிஞர் கையில் சிக்காது என்பதால் அறிக்கை மனம்விட்டுப் பேசலாம். ஆனால் விசாரணை ஒரு பக்கமும் இறந்தவர்களின் குடும்பங்கள் போட்ட வழக்குகள் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்தே ஓடின. இன்று ஆராய்பவர்தான் இரண்டையும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்.

வண்டிகள் ஏன் மோதின என்பதற்கு அறிக்கை தெளிவாகவே பதில் சொல்கிறது. நாஷ்வில் யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஷாப்ஸ் என்ற இடம் வரை இரட்டைப் பாதை. அதற்கு மேல் ஹார்டிங் வரை ஒற்றைப் பாதை. வளைவு இருந்தது அந்த ஒற்றைப் பாதையில். ஊருக்குள் வரும் முதலாம் எண் வண்டிக்கே முன்னுரிமை. அது கடந்துபோனதை உறுதி செய்துகொள்ளாமல் நான்காம் எண் வண்டி ஷாப்ஸைத் தாண்டக் கூடாது. உறுதி செய்வது எப்படி? இரட்டைப் பாதையில் போகும்போதே எதிரே வரும் வண்டியைக் கண்ணால் பார்த்து, எஞ்சின் எண்ணைப் படித்துக்கொள்ள வேண்டும். வரவேண்டிய எஞ்சினின் எண் 281, இவர்களுடையது 282.

வண்டிக்குப் பொறுப்பானவர் கண்டக்டர். அமெரிக்க ரயில்களில் அவர் டிக்கெட் வாங்குபவர் மட்டுமல்ல; நம் ரயில்களின் கார்டும் டிக்கெட் பரிசோதகரும் சேர்ந்த ஆள், வண்டியின் தலைவர். அன்று கூட்டம் அதிகம். டிக்கெட் வேலையில் இருந்த அவர், எதிர்வண்டியைக் கவனிக்கும் பொறுப்பைத் தன் ஊழியர்களிடம் விட்டார். பக்கத்துப் பாதையில் ஒரு யார்டு எஞ்சின் காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கடந்தது. அதை முதலாம் எண் வண்டி என்று எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் டிரைவர் டேவிட் கென்னடியும் நிற்காமல் போனார். ஷாப்ஸ் கோபுரத்தில் கைகாட்டி வழிவிட்டிருந்தது. வண்டி கடந்தபின் பதிவேட்டில் நேரத்தைக் குறிக்கப்போன கோபுர ஊழியர், முதலாம் எண் வண்டி வந்ததற்கான பதிவே இல்லாததைக் கண்டார். வண்டிகளின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிஸ்பாட்சரைத் தந்தியில் கேட்டார். அங்கேதான் இரண்டு வண்டிகளும் சந்திக்க வேண்டும், நிறுத்த முடியுமா என்ற பொருளில் பதில் வந்தது. அபாயச் சங்கை ஊதினார். கடந்துபோன வண்டியின் கடைசியில் அதைக் கேட்க ஆள் இல்லை.

பிழை ஒரே ஆளுடையது இல்லை. நான்காம் எண் வண்டியின் ஊழியர்கள், கோபுர ஊழியர் ஆகியோரோடு, எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று திட்டமாக அறியும் ஏற்பாடே இல்லாததையும் ஆணையம் குற்றம் சொன்னது. கால அட்டவணையையும் தந்தியில் வரும் எழுத்து ஆணையையும் நம்பி ஒற்றைப் பாதையில் ஓட்டுவது அமெரிக்க வழக்கம். ஆணை எழுதும் படிவங்கள் இரண்டு: 19ஆம் எண், 31ஆம் எண். 31 என்றால் வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டும். 19க்கு வேண்டாம், ஓடும் வண்டிக்கும் நீட்டிவிடலாம். பிரிட்டனில் 1874இல் நாரிச் நகரின் தார்ப் பகுதியில் தந்திக் குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இதேபோல நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எட்வர்ட் டயர் மின்சார டேப்லட் கருவியைச் செய்தார். ஒரு பகுதிக்கு ஒரே வில்லைதான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் டிரைவர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. நம் ஊர் ஒற்றைப் பாதைகளில் வளையத்தோடு கைமாறிய டோக்கன் அந்த வம்சம். அமெரிக்காவில் தூரமும் சிக்கனமும் அதைப் பரவவிடவில்லை. இயந்திரம் காக்க வேண்டியதை அங்கே மனிதக் கண் காத்தது.

அறிக்கையை இவ்வளவு தூரம் மெச்சினாலும் அதன் சாட்சிகள் யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கென்னடி மோதலில் இறந்துபோனார். எதிர்வண்டியின் டிரைவரும் இறந்தார். கண்டக்டர் பிழைத்தார். எஞ்சினில் என்ன பேசிக்கொண்டார்கள், யார் எதைப் பார்த்தார்கள் என்பதைச் சொல்ல எஞ்சினில் இருந்தவர்கள் இல்லை. பின்னால் பெட்டியில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள். நேருக்கு நேர் மோதிய விபத்துகளின் பல விசாரணைகளில் இந்தச் சாய்வு உண்டு. இதைத் திருத்த ஆராய்பவருக்குச் சில காகிதங்கள் உதவும். பயணிகளுக்கு அச்சிட்ட கால அட்டவணை போதாது. ஊழியர்களுக்கென்று தனியாக அச்சிட்டதைத் தேட வேண்டும். எந்தத் திசைக்கு முன்னுரிமை, எந்த ஸ்டேஷனில் தந்தி உண்டு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இன்னொன்று, 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரயில்வேக்களின் சொத்து மதிப்பைக் கணக்கிட வரைந்த வரைபடங்கள். கட்டண நிர்ணயத்துக்காகச் செய்த வேலை. ஆனால் ஒவ்வொரு வளைவும் பாலமும் கொட்டகையும் அளவோடு அதில் பதிந்தன. விபத்து நடந்த காலத்துக்கு மிக அருகில் வரையப்பட்டவை என்பதால், வளைவில் எது பார்வையை மறைத்தது என்ற கேள்விக்கு வாக்குமூலத்தைவிட இவை நம்பகமானவை.

மோதலுக்கான காரணம் இத்தோடு முடிகிறது. சாவுக்கான காரணம் முடியவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதுதான் டச்மேன் வளைவைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியானது.

இறந்தவர்களில் பெரும்பகுதியினர் கறுப்பினத் தொழிலாளர்கள். மெம்ஃபிஸிலிருந்தும் ஆர்கன்ஸா மாநிலத்திலிருந்தும் வந்தவர்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நாஷ்வில்லுக்கு வெளியே ஓல்டு ஹிக்கரியில் டூபான்ட் கம்பெனி அரசாங்கத்துக்காகப் பிரம்மாண்டமான வெடிமருந்து ஆலையைக் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஆள் தேவைப்பட்டது. வேலைக்கு வந்தவர்கள் முதலாம் எண் வண்டியில் இருந்தார்கள். எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை.

ரயிலில் இனவாரியாகப் பெட்டி பிரிக்கும் சட்டத்தை டென்னஸி 1881இலேயே இயற்றிவிட்டது. அந்த ஏற்பாட்டை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஒருவர் மெம்ஃபிஸின் இளம் பள்ளி ஆசிரியை ஐடா பி. வெல்ஸ். 1883இல் பெண்கள் பெட்டியில் முதல் வகுப்பு டிக்கெட்டோடு அமர்ந்திருந்தவரை, முன்னால் இருந்த புகைபிடிப்போர் பெட்டிக்குப் போகச் சொன்னார்கள். மறுத்ததால் இழுத்து வெளியேற்றினார்கள். கீழ்நீதிமன்றம் அவருக்கு 500 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. 1887இல் டென்னஸி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்த வழக்கு வேறொரு ரயில்வே மேல் போட்டது. ஆனால் வண்டியின் அமைப்பை அதில் பார்க்கலாம்: கறுப்பினத்தவருக்கான இடம் எஞ்சினுக்குப் பக்கத்தில். புகை, கரி, சத்தம், மூட்டை முடிச்சு எல்லாம் அங்கே. வசதியான பெட்டிகள் பின்னால். 35 ஆண்டு கழித்து நேருக்கு நேர் மோதியபோது, அதே வரிசைதான் யார் சாவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது.

முன்னால் இருந்தவை மரப் பெட்டிகள். ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நொறுங்கின. வண்டியின் கடைசியில் போன புல்மன் படுக்கைப் பெட்டிகள் எஃகாலானவை, அவை தாங்கின. மரப் பெட்டிகளால்தான் சாவு இவ்வளவு பெருகியது என்பதை ஆணையமே எழுதியது. 1918 வாக்கில் எஃகுப் பெட்டி ஒன்றும் புதுமை அல்ல; பென்சில்வேனியா போன்ற பணக்கார ரயில்வேக்கள் பத்தாண்டுக்கு முன்பே அதற்கு மாறத் தொடங்கிவிட்டன. தெற்கத்திய வட்டார ரயில்வேக்கள் இருந்த மரப் பெட்டிகளை ஓட்டித் தேய்த்தன. ஓடும் வண்டியில் கடிதம் பிரிக்கும் அஞ்சல் பெட்டிகள் எஃகில் இருக்க வேண்டும் என்று காங்கிரஸ் 1910களின் தொடக்கத்திலேயே சட்டம் போட்டுவிட்டது. பயணிகள் பெட்டிக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை.

ஆணையம் மரத்தைச் சொன்னது. அந்த மரப் பெட்டிக்குள் யாரை எந்தச் சட்டம் உட்காரவைத்தது என்பது அதன் கேள்விப் பட்டியலில் இல்லை. பாதுகாப்பு விதியை மீறியது யார் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. இனப் பிரிவினையோ மீறப்படவில்லை, ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. கடைப்பிடித்த விதி கொன்றதை, மீறிய விதியைத் தேடும் அறிக்கையில் பார்க்க முடியாது.

ஆகவே இரண்டாவது கேள்விக்கு வேறு காகிதங்களைப் புரட்ட வேண்டும். அங்கே முதல் தடை பெயர்கள். அக்காலத் தெற்கத்திய வெள்ளையர் செய்தித்தாள்களில் இறந்தவர் பட்டியல் இரண்டாகப் பிரிந்திருக்கும். முதல் பட்டியலில் முழுப் பெயர், தெரு, தொழில், உறவினர். அடுத்ததில் பெயர் மட்டும், அல்லது அடையாளம் தெரியவில்லை என்ற குறிப்பு. பெயர் இருந்தாலும் எழுத்துப் பிழை மலிந்திருக்கும். ஒரே ஆள் மூன்று நாள் இதழ்களில் மூன்று பெயரில் வரலாம், மூவராகவும் எண்ணப்படலாம். ஊர் முகவரிக் கையேட்டோடு ஒப்பிட்டால் கொஞ்சம் தெளியும். கறுப்பினத்தவர் பெயருக்குப் பக்கத்தில் உடுக்குறியோ தனி எழுத்தோ போட்டுப் பிரித்துக் காட்டுவது அந்தக் கையேடுகளின் வழக்கம். அவமதிப்புக்காகப் போட்ட குறி இன்று ஆராய்பவருக்குத் துப்பாகிறது. ஆனால் இந்த விபத்தில் அதுவும் பாதி வழிதான் வரும். இறந்தவர்களில் பலர் நாஷ்வில்காரர்களே அல்ல.

இறப்புகளை மாநில அளவில் பதிவு செய்வது டென்னஸியில் 1914 முதல் தடையின்றி நடந்தது. இது நல்வாய்ப்பு. ஐந்து ஆண்டு முன்னதாக இந்த விபத்து நடந்திருந்தால் இந்த வாய்ப்பும் இல்லை. ஒவ்வொரு இறப்புச் சான்றிதழிலும் வயது, தொழில், பெற்றோர் பெயர், பிறந்த இடம், தகவல் சொன்னவர், அடக்கம் செய்த ஊர் என்று கட்டங்கள் உண்டு. தெரியாது என்று நிரப்பப்பட்ட கட்டங்களும் ஏதோ சொல்லும்: தகவல் சொல்ல வந்தவர் உறவினர் அல்ல, சவ அடக்கக் கடைக்காரர்.

வழக்குகளைத் தேடுபவருக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. நீதிமன்றப் பட்டியலில் ரயில்வேயின் பெயரைத் தேடினால் சில வழக்குகள் கண்ணில் படாமலே போகலாம். காரணம், 1917 டிசம்பர் 28 முதல் 1920 மார்ச் 1 வரை அமெரிக்க ரயில்வேக்களைப் போர்க்கால ஏற்பாடாக அரசாங்கமே நடத்தியது. விபத்து நடந்த நாளில் அந்தப் பாதை கூட்டாட்சி அரசின் கையில் இருந்தது. அந்தக் காலத்துக்கான வழக்குகளை ரயில்வே மேல் போடாமல் ரயில்வேக்களின் தலைமை இயக்குநர் மேல் போட வேண்டும் என்று 1918 அக்டோபரில் உத்தரவு வந்தது. அரசாங்கம் நடத்திய காலத்தின் பொறுப்பு கம்பெனியைச் சேராது என்று 1921இல் உச்ச நீதிமன்றமும் மிசூரி பசிஃபிக் ரயில்வே வழக்கில் சொன்னது. தலைமை இயக்குநர் பதவியோ கைமாறிக்கொண்டே இருந்தது: முதலில் மக்கடூ, பிறகு வாக்கர் ஹைன்ஸ், பிறகு பெய்ன், பிறகு ஜேம்ஸ் டேவிஸ். ஒரு மெம்ஃபிஸ் விதவையின் வழக்கு வாஷிங்டன் அதிகாரி ஒருவரின் பெயரில், டேவிஸ் என்ற தலைப்பின் கீழ், ரயிலுக்குச் சம்பந்தமே இல்லாததுபோலக் கட்டுக்குள் இருக்கக்கூடும்.

எண்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீட்புப் பணியை வேடிக்கை பார்க்க அன்று 50,000 பேர் திரண்டார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. 1920 மக்கள்தொகைக் கணக்கில் நாஷ்வில்லின் தொகை 118,342. கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஊரில் பத்துக்கு நான்கு பேர் ஒரே நாளில் அந்த இடத்துக்கு வந்தார்கள் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. பெருங்கூட்டம் வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அமெரிக்க வரலாற்றிலேயே மிக மோசமான ரயில் விபத்து என்ற அடைமொழியும் இதுபோலத்தான். அதே 1918 நவம்பர் 1 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில், மால்போன் தெருவருகே நகர ரயில் ஒன்று தடம் புரண்டது. அங்கே இறந்தவர்கள் 93 என்பாரும் உண்டு, 102 என்பாரும் உண்டு. இங்கே ஆணையத்தின் எண் 101. 121 என்று சொல்லும் கணக்குகளும் உலவுகின்றன. இரண்டு பக்கமும் எண்ணே உறுதியாகாதபோது முதலிடம் யாருக்கு என்ற விவாதத்தில் பொருள் இல்லை.

நாட்டுப்புறப் பாடகர் டேவிட் ஆலன் கோ 1980இல் இந்த விபத்தைப் பாடினார். தலைப்பிலேயே இது உண்மைக் கதை என்று சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பின் பெட்ஸி தார்ப் என்ற எழுத்தாளர் இந்த ஒரு விபத்துக்காகவே முழுப் புத்தகம் எழுதினார். பாட்டைப் போலன்றி, புத்தகம் பயணிகளையும் அவர்கள் குடும்பங்களையும் தேடிப் போனது.

101க்கும் 121க்கும் இடையிலான இருபது பேரைத் தீர்க்க முடியுமா? ஓரளவு முடியும் என்றே நினைக்கிறேன். இறப்புச் சான்றிதழ் பதிவாவது இறந்த இடத்தில். சொந்த ஊரில் அல்ல. எனவே வளைவிலேயே இறந்தவர்கள் எல்லோரும் நாஷ்வில் இருக்கும் டேவிட்சன் மாவட்டத்தின் ஜூலைக் கட்டில் இருக்க வேண்டும். நாஷ்வில் மருத்துவமனைகளில் அடுத்த வாரங்களில் இறந்தவர்கள் அதே மாவட்டத்தின் பிந்திய பக்கங்களில் இருப்பார்கள். காயத்தோடு ஊர் திரும்பி அங்கே இறந்தவர்கள்தான் சிக்கல். ஆர்கன்ஸாவிலும் 1914இல் பதிவு தொடங்கிவிட்டது. ஆனால் கிராமப்புறங்களில், அதுவும் கறுப்பினத்தவரிடையே, பதிவாகாமல் விடுபட்டவை ஏராளம். பதிவானவற்றிலும் காரணம் என்ற கட்டத்தில் சீழ் பிடித்தது என்றோ நிமோனியா என்றோ இருக்குமே தவிர, ரயில் என்ற சொல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1918 செப்டம்பருக்குப் பிறகு ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து நிமோனியாச் சாவுகள் குவிந்ததால், அந்தப் பக்கங்களில் இவர்களைப் பிரித்தெடுப்பது இன்னும் கடினம். தேட வேண்டிய காலம் ஜூலை 10 முதல் ஆகஸ்டு இறுதி வரை. தேட வேண்டிய இடம் மெம்ஃபிஸுக்கு எதிர்க்கரையில் உள்ள ஆர்கன்ஸா மாவட்டங்கள்.